இருமலோடு வாசித்த செய்திகள்

எங்கள் வாப்பாவின் அரசியல் கருத்துகள் சலூனிலிருந்துதான் வீட்டுக்கு வரும். கல்முனையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் அவருக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. எதிரே சலூன். அங்கே நாளுக்கு ஒரு பத்திரிகை வாங்குவார்கள். முகம் மழிக்கத் தேவையில்லாத நாட்களிலும் வாப்பா வீதியைக் கடந்து போய், அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு வருவார். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது நாட்டை எப்படி நடத்த வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது சலூன்காரருக்கும் பத்திரிகை ஏஜெண்டுக்கும் ஏதோ மனஸ்தாபம் வந்தது. சலூன்காரர் வேறு பத்திரிகைக்கு மாறினார். முதல் பத்திரிகையின் கொழும்பு முதலாளி அரசாங்கத்துக்கு வேண்டியவர், இரண்டாவதின் முதலாளி வேண்டாதவர் என்பதையெல்லாம் பிறகுதான் அறிந்துகொண்டேன். கொஞ்ச நாளில் வாப்பாவும், அந்த வாங்கில் அவரோடு இருந்த அத்தனை பேரும் கட்சி மாறிவிட்டார்கள் என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. எல்லோரும் ஒன்றாக மாறியதால் யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. உம்மா மட்டும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, போன நோன்புக்கு நல்லவனாக இருந்த மந்திரி இந்த நோன்புக்குள் எப்படிக் கள்ளனானான் என்று விசாரித்தார். பேப்பர் படிக்காதவர்களோடு கதைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டு, வாப்பா இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

அந்தக் கடையையும் சலூனையும் எங்கள் வீட்டையும் ஒரே காலையில் கடல் எடுத்துக்கொண்டது. நான் அப்போது மெயின் வீதிக்கு மேற்கே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். வாப்பா நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார். உம்மா மட்டும்தான் வீட்டில். எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் உம்மாவைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, தண்ணீர் எங்கிருந்தோ அடித்து வந்த சைக்கிளில் இருத்தி, மெயின் வீதிவரை தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். எங்கள் ஒழுங்கையில் அப்படி வந்து சேர்ந்தவர்கள் குறைவு. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் கொஞ்சக் காலம் இருந்த பிறகு, நற்பிட்டிமுனைப் பக்கம் போகும் வழியில், வயலோரத்தில், தகரக் கொட்டில்கள் அடித்துத் தந்தார்கள். பகலில் உள்ளே இருக்க முடியாது. இரவிலே நுளம்புக்கடி. தண்ணீர் பவுசர் லொறி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஆனால் கேபிள் டீவி இணைப்பு தவறாமல் வந்தது, அதுவும் இலவசமாக. கட்டாரில் வேலை செய்த என் மூத்த சகோதரர், காக்கா, அனுப்பிய காசில் வாப்பா முதலில் வாங்கியது ஒரு டீவி. வேறு பலரும் அப்படித்தான். தகரச் சுவருக்குள் வேறு என்னதான் செய்வது.

கேபிளின் சொந்தக்காரர் ஒரு அரிசி ஆலை முதலாளி. ஊர் அவரை மில் ஹாஜியார் என்று சொல்லும். நெல், சீமெந்து, மணல், லொறி என்று அவர் கை வைக்காத வியாபாரம் குறைவு. கடல் வருவதற்கு முன்பே ஊருக்குள் வயர் இழுத்து இந்தியப் படங்கள் காட்டிக்கொண்டிருந்தார். கடலுக்குப் பிறகு, சொந்தமாக ஒரு டீவி சனலும் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பின் உள்ளூர்ச் செய்தி. வாசிக்க ஒரு நல்ல குரல் தேவைப்பட்டது.

அந்தக் குரலாக நான் ஆகிப் போனேன். முகாமில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திய ஒரு தொண்டு நிறுவனம், முடிவில் விழா வைத்துத் தையல் மெஷின்கள் கொடுத்தது. ஹாஜியார் பிரதம அதிதிகளில் ஒருவர். நான் நன்றியுரை வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிகளுக்குப் போய்வந்த குரல். விழா முடிந்ததும் அவர் வாப்பாவிடம் வந்து, மகளின் குரலைத் தகரத்துக்குள் பூட்டி வைப்பது பாவம் என்றார். வாப்பா யோசித்தார். முகம் காட்டுவதில்லை, ஹாஜியாரின் வீட்டு மாடியறையில் அவர் மனைவியும் கூடவே இருப்பார், வீட்டு ஓட்டோ கொண்டுபோய்க் கொண்டுவந்து விடும் என்று பேச்சு முடிந்தது.

முகத்துக்குப் பதிலாக ஒரு பூச்சாடியைக் காட்டினார்கள். சிவப்புப் பிளாஸ்டிக் ரோஜாக்கள். கீழே ஹாஜியாரின் சம்பா அரிசி விளம்பரம் ஊர்ந்துபோகும். ரோஜாவுக்குப் பின்னால் யார் என்பது இரகசியம் என்று ஹாஜியார் நினைத்துக்கொண்டிருந்தார். முதல் வாரமே முகாமின் தண்ணீர்த் தாங்கிக் குழாயடியில் பெண்கள் என்னை ரோசாப்பூ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

செய்திகளை ஹாஜியார் சொல்ல, ஆலைக் கணக்கப்பிள்ளை எழுதுவார். அந்தக் காலத்தில் ஹாஜியாருக்கு வேண்டிய அரசியல்வாதி ஒருவர் இருந்தார். அவருடைய சுயேச்சைக் குழுவின் சின்னம், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல். ஆகவே ஊரில் அவர் பெயர் கேத்தல்காரர். குளத்தோரம் வீடிழந்தவர்களுக்கு வீட்டுத் திட்டம் ஒன்று அவருடைய மேற்பார்வையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சீமெந்தும் மணலும் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் கேத்தல்காரர் எதையாவது திறந்துவைத்தார், அல்லது எங்கேயாவது பார்வையிட்டார். வீடுகள் துரிதமாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் செய்தியில் வீடுகள் எழும்பிய வேகத்துக்கு உண்மையான கொத்தனார்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஒருநாள் செய்தி முடித்து வீடு திரும்பினேன். வாப்பா வியர்வை வடிய, மேலே பனியனோடு, தகரக் கதவடியில் விசிறிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் பிரகாசமாக இருந்தது.

"குளத்தடி வீடெல்லாம் முடிஞ்சிட்டாம். செய்தியில சென்னாங்க."

"வாப்பா, சென்னது நான்தான்."

"ஓம். அதத்தான் நானும் செல்றன். ஒனக்கே தெரியும்தானே."

கூரை போடாத வீடுகளை நானே பஸ்ஸில் போகும்போது கண்டதாகச் சொன்னேன். நான் பார்த்தது ஒரு பக்கமாக இருக்கும், செய்தி என்றால் எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் சொல்வார்கள் என்றார் அவர். சொல்வது யார் என்று மறுபடியும் கேட்டேன். வாப்பா என்னை இரக்கத்தோடு பார்த்தார். நீ வாசிப்பவள்தானே, செய்தியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்பது அந்தப் பார்வை. உம்மா அடுப்படியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது.

இருமல் முதலில் உண்மையாகவே வந்தது. மாடியறைக்குப் பின்னால்தான் ஆலை. நெல் குற்றும் பருவத்தில் உமித்தூள் யன்னலுக்குள்ளால் வந்து மேசையிலும் மைக்கிலும் படியும். ஒரு மாலை நான், "வீடுகள் பூரணமாக நிறைவுற்று, பயனாளிகளின் முகங்களில் மகிழ்ச்சி" என்று வாசிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. நன்றாக இருமினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, "தாண்டவமாடியது" என்று முடித்தேன்.

அடுத்த நாள் குழாயடியில் ஒரே சிரிப்பு. எங்கள் கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் இருந்த ஒரு ராத்தா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "என்னகா, இருமல் சரியான எடத்தில வந்திச்சி" என்றார். தற்செயலாக வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன். எல்லோரும் அவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள். நான் குடத்தைக் குழாயின் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு இருமலைக் கொஞ்சம் கவனமாகப் பாவித்தேன். கண்ணால் கண்டு பொய் என்று எனக்குத் தெரிந்த இடத்தில் மட்டும். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தண்ணீர் பவுசர் தினமும் வருவதாக எழுதியிருந்தால் ஒரு சிறு இருமல். கேத்தல்காரர் தன் சொந்த நிதியில் பாலம் போட்டார் என்றால், பாலத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஊர் சீக்கிரமே படித்துக்கொண்டது. சந்தையிலும் மீன்வாடியிலும் "அது இருமின செய்தி" என்றால் நம்பத் தேவையில்லை என்று அர்த்தமாகிவிட்டது. யாருடைய சீதனப் பேச்சிலோ மாப்பிள்ளை வீட்டார் ஏதோ பெரிதாகச் சொல்ல, பெண்ணின் மாமா இலேசாக இருமினாராம். அந்தச் சம்பந்தமே குழம்பிப்போனதாகக் கேள்வி.

விளங்காத ஒருவர் ஹாஜியார். அவருக்கு என் தொண்டையைப் பற்றி உண்மையான கவலை. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து ஒரு பெரிய பிளாஸ்க்கில் மேசைமேல் வைக்கச் சொன்னார். ஆயுர்வேத வைத்தியரிடம் தன் செலவில் அனுப்பினார். யன்னலுக்குக் கண்ணாடி போட்டார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, இரண்டு குளிசை தந்து, தானும் தினமும் செய்தி பார்ப்பதாகவும் இப்படியே இருந்தால் நல்லது என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டில் விளங்கிய முதல் ஆள் ஹாஜியாரின் மனைவி. நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். நான் வாசிக்கும்போது பாயில் இருந்து அடுத்த நாள் சமையலுக்கு உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மைக்கை நிறுத்திய பிறகு, தலையைத் தூக்காமலேயே கதைத்தார்.

"ஒனக்கு இருமல் நெஞ்சில இருந்து வாறல்ல புள்ள. மூளையில இருந்து வருகுது."

நான் தாளை அவசரமாக மடித்தேன். மாமி ஒரு உள்ளிப் பல்லை எடுத்து, தோலை ஊதிவிட்டு, கேத்தல்காரர் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் வாய் கொப்பளித்த தண்ணீரை முற்றத்திலேயே துப்பிவிட்டுப் போகிறவன் என்றும், அவனைப் பற்றி வரும்போது இன்னும் கொஞ்சம் பலமாக இருமினாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஹாஜியாருக்கும் கேத்தல்காரருக்கும் முறிந்துவிட்டது. அடுத்த வீட்டுத் திட்டத்தின் மணல் வேறொருவரின் லொறியில் போனதாகப் பேச்சு. அன்று மாலை என் கையில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, பிழையான தாளைத் தந்துவிட்டார்களோ என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரியான தாள்தான், காலம்தான் மாறியிருக்கிறது என்றார். குளத்தடி வீடுகளின் சுவர்களில் வெடிப்பாம். கூரைத் தகரம் தரமற்றதாம். மக்கள் கொதித்தெழுந்திருக்கிறார்களாம்.

எனக்குப் பெரிய சங்கடம். எல்லாம் உண்மை. வெடிப்பை நான் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். இருமுவதற்கு ஒரு இடமும் இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தேன் மாதிரி வாசித்தேன். ரோஜாவுக்கு முன்னால் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்திருக்கிறது. இருமல் வராதபோது, இது சத்தியம் என்று முடிவு செய்துவிட்டது. கேத்தல்காரரின் பெயர் அந்த ஒரு மாலையில் உடைந்தது. எத்தனையோ மாதமாகப் பொய்க்கு அடையாளம் போட்டு வந்த நான், அந்த வேலையால் மற்றதற்கெல்லாம் உண்மை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவுக்குள்தான் உறைத்தது. முத்திரையால் இலாபமடைந்தவர் ஹாஜியார். சீமெந்து யாருடையது என்பது மட்டும் அந்தச் செய்தியில் இல்லை. இல்லாத வசனத்துக்கு எப்படி இருமுவது.

வாப்பா வாசலிலேயே நின்றார். கேத்தல்காரன் ஒரு கள்ளன் என்று தான் ஆரம்பத்திலேயே சொன்னதாகச் சொன்னார். அப்படிச் சொன்னதை யார் கேட்டார்கள் என்று உம்மா கேட்டார். மனதுக்குள் சொன்னாராம்.

ஹாஜியார் இப்போது எதிர்க்குழுவின் பக்கம் போனார். அவர்களின் சின்னம் மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்காரர் தினமும் எதையாவது பார்வையிட ஆரம்பித்தார். தண்ணீர் பவுசர் மறுபடியும் செய்தியில் மட்டும் ஓடியது. நானும் மறுபடியும் இருமினேன். தேர்தல் நெருங்கியபோது கேத்தல்காரருக்கு யாரோ விசயத்தை உடைத்துச் சொல்லியிருக்கிறார்கள். சந்தைச் சதுக்கத்தில் கூட்டம் போட்டு, ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அந்த டீவியில செய்தி வாசிக்கிற புள்ளைக்கே அது தொண்டையில இறங்குதில்ல. ஒங்களுக்கு எப்படி இறங்கும்?"

கைதட்டல் எங்கள் முகாம் வரைக்கும் கேட்டது.

அடுத்த நாள் ஹாஜியார் மாடியறைக்கு வந்தார். வழக்கமாக அவர் அங்கே வருவதில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேத்தல்காரன் சொல்வது உண்மையா என்று கேட்டார். பாயில் இருந்த மாமிதான் பதில் சொன்னார். ஆலையின் உமித்தூளைத் தின்று தானும்தான் இத்தனை வருசமாக இருமுவதாகவும், ஒரு நாளாவது தனக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்ததுண்டா என்றும் கேட்டார். கேட்டுவிட்டு நீளமாக ஒரு இருமல் இருமினார். நான் எவ்வளவோ இருமியிருக்கிறேன், அந்த நேர்த்தி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஹாஜியாரின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. நெல்லுக்கு விலை ஏறப் போகிறது என்று முதலில் அறிந்தவரின் முகம் அப்படித்தான் இருக்கும். இந்த இருமலால்தான் ஊர் முழுக்கச் செய்தி பார்க்கிறதா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் வந்த தாளில் சில வரிகளுக்கு மேலே பென்சிலால் சிறு வட்டம் போட்டிருந்தது. அது என்ன என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு நிலத்தைப் பார்த்தார். இருமுவதற்கான இடங்களாம். கேத்தல்காரர் தன் காலத்தில் உண்மையாகவே செய்த ஒன்றிரண்டு நல்ல வேலைகள் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்டு, ஊரின் மையத்துகளை அடக்கும் மையவாடிக்கு ஒரு மதில். அவற்றை ஹாஜியார் பெருந்தன்மையோடு செய்தியில் சேர்த்து, மேலே வட்டம் போட்டிருந்தார்.

என் வாயால் வரும் வார்த்தை அவருடையது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். இருமல் மட்டும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அன்று முழுச் செய்தியையும் ஒரு செருமல்கூட இல்லாமல் வாசித்தேன். ஹாஜியார் மாடிப்படியில் ஏறி வந்து, வட்டம் தெரியவில்லையா என்று கேட்டார்.

"தெரிஞ்சிச்சி ஹாஜியார். ஒங்கட கொத்தமல்லி வேல செஞ்சிட்டு. இருமல் சுகம்."

மாமி அவசரமாக உள்ளித் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு வெளியே போனார்.

ஹாஜியார் இலேசில் விடுகிறவர் இல்லை. அடுத்த மாலை, ஆலையில் மூட்டை தூக்கும் ஒரு நடுத்தர வயது ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். பீடி குடிப்பவர், நல்ல கனமான இருமல். கணக்கப்பிள்ளை கையைக் காட்டும்போது அவர் இருமவேண்டும். நான் வார்டைப் பற்றி வாசித்தபோது கை காட்டப்பட்டது. சிவப்பு ரோஜாக்களுக்குப் பின்னால் இருந்து ஒரு ஆண்பிள்ளையின் இருமல், லொறி ஸ்டார்ட் எடுத்த மாதிரி, ஊரின் அத்தனை வீடுகளுக்குள்ளும் போய் விழுந்தது.

அன்றிரவே கதை கிளம்பிவிட்டது. ரோசாப்பூவுக்குக் கலியாணம் முடிந்துவிட்டதாம், ஊருக்குச் சொல்லாமல் முடித்திருக்கிறார்கள். முடியாவிட்டால் அந்த அறைக்குள் ஆம்பிளைக்கு என்ன வேலை. குழாயடியில் ஒரு ராத்தா, மாப்பிள்ளைக்குக் காசநோயோ என்று கவலையோடு கேட்டார்.

வாப்பா அன்று வரைக்கும் ஹாஜியாரின் செய்தியை ஒரு எழுத்தைக்கூடச் சந்தேகிக்காதவர். விடிந்ததும் சேர்ட்டை மாட்டிக்கொண்டு ஆலைக்குப் போனார். அங்கே நடந்ததை மாமி சொல்லித்தான் அறிந்தேன். வாப்பா சத்தம் போடவில்லை. உங்கள் டீவியில் எந்தக் கட்சி வேண்டுமென்றாலும் இருமட்டும், என் மகளின் பக்கத்தில் ஒரு ஆம்பிளை இருமக்கூடாது என்று சொன்னாராம். மூட்டை தூக்கும் ஆள் தனக்கும் வெட்கமாக இருப்பதாகச் சொல்லிக் கூட நின்றாராம். அத்தோடு எங்கள் சனலில் இருமல் நின்றது. ஊர் கொஞ்ச நாள் தடுமாறியது. எதை நம்புவது, எதை விடுவது என்று அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தேர்தலில் கண்ணாடிக்காரர் வென்றார். தேர்தல் அன்று வாக்களித்துவிட்டு வரும் வழியில் வாப்பா என்னோடு நடந்து வந்தார். அவர் விரல் நுனியில் மை. மாதக்கணக்காகக் கண்ணாடியின் புகழைப் பாடி எங்கள் காதைத் தின்ற மனிதர். கண்ணாடிக்குத்தானே என்று சும்மா கேட்டேன்.

இல்லையாம். ஏணிக்குப் போட்டாராம். எனக்கு விளங்கவில்லை. ஏணி என்பது, தண்ணீருக்குள் இருந்து உம்மாவை எடுத்துவந்த அந்த அதிபரின் சின்னம். அவரும் சில ஆசிரியர்களும் சேர்ந்து தேர்தல் கேட்டிருந்தார்கள். சுவரொட்டி ஒட்டக்கூட ஆளில்லை. ஹாஜியாரின் செய்தியில் அவர் பெயர் ஒருதடவைகூட வந்ததில்லை, கேத்தல்காரரின் ஸ்பீக்கரும் அவரைத் திட்டியதில்லை. கண்ணாடியைப் பற்றி அவ்வளவு கதைத்தீர்களே என்றேன்.

"கதைக்கிறதுக்கு ஒரு கட்சி வேணும் புள்ள. இல்லாட்டி சந்தையில ஆரோட நிண்டு கதைக்கிற? அதிபர நான் தண்ணி வந்த அண்டே தெரிஞ்சிட்டன். அதுக்கு டீவி தேவல்ல."

சொல்லிவிட்டு, கடையில் நின்ற கூட்டாளிகளைக் கண்டதும் கையைத் தூக்கி, கண்ணாடி அமோகமாக வெல்லும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வீதியைக் கடந்தார். ஏணி தோற்றது. அதிபர் மறுநாளும் சைக்கிளில் மீன் வாங்கப் போனார்.

நாங்கள் கடைசியில் குளத்தடியில் ஒரு வீடு பெற்றுக் குடிபோனோம். வெடிப்பை வாப்பா தானே பூசினார். நான் செய்தி வாசிப்பைத் தொடர்ந்தேன். விட்டுவிட எண்ணியதுண்டு. ஆனால் மாமி, நீ போனால் தான் உள்ளி உரிக்கும்போது யாரோடு கதைப்பது என்றார்.

தையல் வகுப்பில் எனக்கு ஒரு சினேகிதி கிடைத்திருந்தாள். கல்முனைக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பம், இந்துத் தமிழர். கடலுக்குப் பிறகு நற்பிட்டிமுனையில் சொந்தக்காரர் வீட்டோடு இருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. அவள் வீட்டில் வெளிநாட்டு வானொலி கேட்பார்கள், எங்கள் வீட்டில் கொழும்புச் செய்தியும் ஹாஜியாரும். வடக்கு யுத்தத்தில் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடந்ததை இரண்டு பக்கமும் எப்படிச் சொன்னார்கள் என்று, வகுப்பு முடிந்த பிறகும் சேர்ந்து தைக்கும் நாட்களில், துணி வெட்டிக்கொண்டே ஒப்பிட்டுப் பார்ப்போம். இறந்தவர்கள் கூட ஒரு செய்தியிலிருந்து மறு செய்திக்குப் போகும்போது பக்கம் மாறுவார்கள். ஆரம்பத்தில் அதற்கும் சிரித்தோம்.

பிறகு சிரிக்க முடியாமல் போயிற்று. அவளுடைய தம்பி கொத்தன் வேலைக்கு வடக்கே போயிருந்தான். பாதை மூடப்பட்டதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். கடைசி மாதங்களில் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

யுத்தம் முடிந்த அன்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். வாப்பாவும் சந்தோசப்பட்டார். அது செய்தி கேட்டு வந்த சந்தோசம் என்று நான் சொல்லமாட்டேன். மேற்கே தூரத்தில் இருந்த எங்கள் வயலுக்குப் போகப் பயந்து வருசக்கணக்காக அதைத் தரிசாகப் போட்டிருந்தார். அந்த வழியில் போய்த் திரும்பாத சொந்தக்காரர்கள் எங்களுக்கும் இருந்தார்கள். மண்வெட்டியை எடுத்துப் பிடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் சினேகிதி வந்தாள். வெடிச் சத்தத்துக்குள் நடந்தே வந்திருக்கிறாள். உம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. உன் செய்தியில் என்ன சொல்லப் போகிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவர்களுடைய வானொலியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அதையும் சொன்னாள்.

"ரெண்டிலயும் என்ட தம்பி இல்ல" என்றாள்.

வாப்பா மண்வெட்டியை மெதுவாகச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அன்றைய தாளில், கிழக்கின் மக்கள் அனைவரும் பாற்சோறு பொங்கி மகிழ்ந்தனர் என்று இருந்தது. வாசிக்கும்போது "அனைவரும்" என்ற இடத்தில் "பலர்" என்று வாசித்தேன். அவ்வளவுதான் செய்தேன். செய்தி முடிந்ததும் ஹாஜியார் படியேறி வந்தார். ஏன் மாற்றினாய் என்று கேட்டார். கணக்கப்பிள்ளையின் எழுத்து விளங்கவில்லை என்றேன். அவருக்கு அது பொய் என்று தெரியும். கணக்கப்பிள்ளையின் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். மாமியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் கையில் இருந்த தாளை இரண்டாக மடித்தார், பிறகு நாலாக மடித்தார். நாளைக்கு எழுத்தைப் பெரிதாக எழுதச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வருசம் சனலை அவர் விற்றுவிட்டார். வீட்டுக் கூரைகளில் டிஷ் வந்துவிட்டது, வயருக்கு மவுசு போய்விட்டது. நானும் கலியாணம் முடித்து, ஒரு பாலர் பாடசாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஹாஜியார் சந்தையில் என்னைக் கண்டால் இன்றைக்கும் தொண்டை எப்படி என்று விசாரிப்பார்.

சினேகிதியின் தம்பி வந்தான். யுத்தம் முடிந்து பல மாதம் வடக்கில் ஒரு முகாமில் இருந்துவிட்டு, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு பகல் நேரம் நற்பிட்டிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். தகவல் வந்ததும் நானும் உம்மாவும் ஓட்டோ பிடித்துப் போனோம். அப்போது நான் இன்னும் ரோஜாவுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்த காலம். மெலிந்து கறுத்திருந்தான். குசினிக்குள் அடுப்பருகே பலகையில் குந்தி இருந்து, சுற்றி நின்ற எங்கள் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல், சோறும் சூரை மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். என்னை ஒரு பக்கமாக இழுத்தாள்.

"இத மட்டும் செய்தியில போட்டிராத. ஹாஜியார் கண்ணாடிக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்து, தாங்கதான் மீட்டுத் தந்த எண்டு படம் எடுப்பார்."

நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்றேன். அவள் தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தாள். பிறகு எங்களுக்கும் பாய் விரித்தாள்.